மோஷன் சென்சார் போன்ல ப்ளூடூத்ல கனெக்ட் ஆகுது, ஆனா ஒண்ணுமே வர மாட்டேங்குது

தூங்காதவன்
எல்லாருக்கும் வணக்கம். எலக்ட்ரானிக்ஸ்ல நான் புதுசு, தப்பா கேட்டா திட்டாதீங்க. எங்க பாட்டி ராத்திரி தனியா எழுந்து நடக்கிறாங்க, ஏற்கனவே ஒரு தடவை வழுக்கி விழுந்துட்டாங்க, அதனால அவங்க கட்டில விட்டு இறங்கினா பக்கத்து ரூம்ல படுத்திருக்கிற என் போன் அதிரணும், அவ்ளோதான் எனக்கு வேணும். ஒரு மோஷன் சென்சாரும், ப்ளூடூத் உள்ளயே இருக்கிற இஎஸ்பி32ங்கிற சின்ன கம்ப்யூட்டர் போர்டும் வாங்கி, நெட்ல கிடைச்ச பிஎல்இ எக்ஸாம்பிள் புரோகிராமையும் ஏத்திட்டேன். போன் செட்டிங்ஸ்ல ப்ளூடூத் போனா போர்டு பேர் சில நேரம் வருது சில நேரம் வரல, தொட்டா ஒரு செகண்ட் கனெக்டட்னு காட்டிட்டு உடனே போயிடுது. அதுக்கப்புறம் சென்சார் முன்னாடி நின்னு டான்ஸ் ஆடினாலும் போன்ல ஒரு அசைவும் இல்ல. ரெண்டு ராத்திரியா உக்காந்திருக்கேன். சென்சார் போச்சா, போர்டு போச்சா, போன் போச்சா, எதுன்னே தெரியல.

பிட்டுபைட்டு
முதல்ல எந்த சென்சார்னு சொல்லுங்க ஜி. மோஷன் சென்சார்னு பொதுவா சொன்னா ரெண்டு சாமானத்துக்கும் அதே பேர்தான். ஒண்ணு வெள்ளை கலர்ல பாதி முட்டை மாதிரி மூடி போட்டு சுவத்துல மாட்டுறது, யாராவது குறுக்க போனா சொல்லும். இன்னொண்ணு சின்ன சில்லு, அது தானே எப்படி ஆடுது சாயுதுன்னு சொல்லும். ரெண்டுக்கும் வயரிங் வேற புரோகிராம் வேற.

தூங்காதவன்
பாதி முட்டைதான். அடியில ஹெச்சி எஸ்ஆர்501ன்னு போட்டிருக்கு. ஆரஞ்சு கலர்ல ரெண்டு திருகு, மூணு பின்.

மழைக்குருவி
இழைக்கு நடுவுல வர்றதுக்கு மன்னிச்சிடுங்க, என்கிட்ட இருக்கிறது ரெண்டாவது வகை, எம்பியு6050. முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் எக்ஸர்சைஸ் பண்றேன், கால் எத்தனை டிகிரி மடங்குதுன்னு போன்ல பார்க்கணும்னு ஆசை. எனக்கும் இதே கதைதான், கனெக்ட் ஆகுது, ஆனா ஆறு நம்பரும் 0 0 0 0 0 0. தனி இழை போடணுமா இல்ல இங்கயே கேக்கலாமா?

பிட்டுபைட்டு
இங்கயே கேளுங்க, ப்ளூடூத் பக்கம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்.

சால்டரிங்சாமி
தம்பி, செட்டிங்ஸ்ல போய் ஜோடி சேக்கிறத முதல்ல நிறுத்துங்க. அந்த இடம் ஹெட்செட்டுக்கும் கார் ஸ்பீக்கருக்கும் உண்டானது. நீங்க ஏத்தியிருக்கிற புரோகிராம் பிஎல்இ, அதாவது ப்ளூடூத் 4.0ல 2010வாக்குல வந்த குறைஞ்ச பவர் வகை. அதுக்கு செட்டிங்ஸ்ல ஜோடி சேக்கிற வேலையே கிடையாது, ஒரு ஆப்தான் நேரா போய் பேசணும். செட்டிங்ஸ்ல தொட்டா போன் ஒரு தடவ கதவ தட்டிட்டு, உள்ள தனக்கு தெரிஞ்ச சரக்கு எதுவும் இல்லன்னு திரும்பிப் போயிடும். நீங்க பார்த்த ஒரு செகண்ட் கனெக்டட் அதுதான்.

என்ஆர்எஃப் கனெக்ட்னு ஒரு ஆப் இருக்கு, அத போட்டு ஸ்கேன் பண்ணுங்க. போர்டு பேர் பக்கத்துல கனெக்ட் தட்டினா உள்ள சர்வீஸ், அதுக்குள்ள கேரக்டரிஸ்டிக்னு வரிசையா தெரியும், சர்வீஸ் ஒரு அலமாரின்னா கேரக்டரிஸ்டிக் அதுல ஒரு தகவல் இருக்கிற தட்டு. கேரக்டரிஸ்டிக் பக்கத்துல கீழ்நோக்கி அம்பு படம் இருக்கும், ஒத்தை அம்பு ஒரு தடவ படிக்க, மூணு அம்பு இருக்கிறது நோட்டிஃபை. மூணு அம்ப தட்டினாத்தான் போர்டு தானா அனுப்புறது போனுக்கு வரும். தட்டலன்னா போர்டு அது பாட்டுக்கு கத்திக்கிட்டே இருக்கும், போன் காதுல விழாது.

இன்னொண்ணு. சென்சார கழட்டி ஓரமா வைங்க. செகண்டுக்கு ஒரு தடவ 1, 2, 3ன்னு எண்ணி அனுப்புற மாதிரி மட்டும் புரோகிராம மாத்துங்க. போன்ல எண்ணிக்கை ஓடுதுன்னா ப்ளூடூத் சரி, அப்புறம் சென்சார பாக்கலாம். ரெண்டையும் ஒண்ணா மாட்டிட்டு எது போச்சுன்னு தேடினா தலைமுடிதான் கொட்டும், எனக்கு கொட்டியாச்சு.

தூங்காதவன்
சாமி அண்ணா, ஆப் போட்டேன், ஸ்கேன்ல ஒண்ணுமே வரல, லிஸ்ட் காலி. ஆண்ட்ராய்டு 11.

பிட்டுபைட்டு
லொகேஷன் ஆன் பண்ணுங்க. மேல இருந்து இழுத்தா ஜிபிஎஸ் பட்டன் இருக்கும்ல அது. அப்புறம் ஆப்புக்கு லொகேஷன் அனுமதியும் குடுங்க.

தூங்காதவன்
வந்துடுச்சு!! ஆனா ப்ளூடூத் தேடுறதுக்கும் லொகேஷனுக்கும் என்ன சம்பந்தம், இத யாரு கண்டுபிடிப்பாங்க

பிட்டுபைட்டு
பிஎல்இ பீக்கன்னு சின்ன சின்ன டப்பா அங்கங்க மாட்டி வச்சிருப்பாங்க, எந்த பீக்கன் பக்கத்துல இருக்குன்னு ஒரு ஆப்புக்கு தெரிஞ்சா நீங்க எங்க நிக்கிறீங்கன்னும் தெரிஞ்சுடும். அதனால ஆண்ட்ராய்டு 6ல இருந்து 11 வரைக்கும் ஸ்கேன் ரிசல்ட் வேணும்னா லொகேஷன் அனுமதி கட்டாயம். 12ல இருந்து பக்கத்துல இருக்கிற சாதனங்கள்னு தனி அனுமதியா பிரிச்சுட்டாங்க. லிஸ்ட் காலின்னு வர்றவங்கள்ல பாதி பேருக்கு இதுதான் விஷயம், எர்ரர்னு கூட ஒண்ணும் காட்டாது பாருங்க, சும்மா காலியா நிக்கும்.

தூங்காதவன்
எண்ணிக்கை ஓடுது! 01, 02... 09 வரைக்கும் சரியா வந்துட்டு அடுத்து 0ஏன்னு வருது, போர்டு குழம்பிடுச்சா?

சால்டரிங்சாமி
அது ஹெக்ஸ் தம்பி, பதினாறு பதினாறா எண்ணுற முறை, 9க்கு அப்புறம் ஏ, பின்னு எழுத்து வரும், 0ஏன்னா 10. போர்டு தெளிவாத்தான் இருக்கு.

அரைகுறை_என்ஜினியர்
இவ்ளோ சுத்தி வளைக்கணுமா. ஹெச்சி05 ப்ளூடூத் மாட்யூல் வாங்கு, பின் நம்பர் 1234 அடிச்சு போனோட ஜோடி சேரு, 9600ல சீரியல் மாதிரி அனுப்பு, போன்ல சீரியல் டெர்மினல் ஆப்ல எழுத்தா வரும், முடிஞ்சது வேலை. நான் பத்து வருஷமா அதுதான் பண்றேன்.

பிட்டுபைட்டு
ஆண்ட்ராய்டுக்கு ஓகே பாஸ். ஐபோன்ல அது நடக்காது, அந்த கிளாசிக் சீரியல் வகைய ஆப்பிள் சர்டிஃபிகேட் வாங்கின சாதனத்துக்கு மட்டும்தான் திறந்து விடுவாங்க. வீட்ல ஒரே ஒரு ஐபோன் இருந்தாலும் பிஎல்இதான் கதி. அதுவும் இல்லாம இவர்கிட்ட இருக்கிற இஎஸ்பி32லயே ரெண்டும் இருக்கு, எதுக்கு தனி மாட்யூல். (வாங்கும்போது மட்டும் கவனம், சி3 எஸ்3 ரெண்டும் பிஎல்இ மட்டும்தான், எஸ்2ல ப்ளூடூத்தே கிடையாது.)

தூங்காதவன்
என் தம்பி கையில ஐபோன்தான், அவனுக்கும் வரணும். அப்ப பிஎல்இயே இருக்கட்டும்.

மழைக்குருவி
சாமி அண்ணா சொன்ன மாதிரி பிரிச்சு பாத்தேன். எண்ணி அனுப்பினா ஓடுது, ப்ளூடூத் சரி. கம்ப்யூட்டர்ல சீரியல் மானிட்டர்லயே 0 0 0தான் வருது, அப்ப தப்பு சென்சார் பக்கம். வயர்ல எந்த சில்லு மாட்டியிருக்குன்னு தேடுற ஐ2சி ஸ்கேனர் போட்டா ஹெக்ஸ் 68ல ஒண்ணு இருக்குன்னு காட்டுது, அப்ப வயர் சரிதானே?

சால்டரிங்சாமி
வயர் சரி. சென்சார் தூங்குதும்மா. எம்பியு6050க்கு கரண்ட் குடுத்ததும் தூக்கத்துலதான் எழும்பும், அதுக்குள்ள ஹெக்ஸ் 6பிங்கிற ரெஜிஸ்டர்ல, அதாவது ஒரு சின்ன நினைவக அறையில, 0 எழுதினாத்தான் முழிக்கும். முழிக்காத சென்சார கேட்டா 0 0 0ன்னுதான் சொல்லும். எழுப்பிட்டு ஹெக்ஸ் 3பில இருந்து வரிசையா 14 பைட் படிங்க, முதல் 6 ஆக்ஸிலரோமீட்டர் (முடுக்கம், சாய்வு), நடுவுல 2 வெப்பநிலை, கடைசி 6 ஜைரோ (எவ்ளோ வேகமா திரும்புதுன்னு). மேசை மேல சும்மா படுக்க வச்சா மேல்நோக்கி இருக்கிற அச்சுல 16384க்கு பக்கத்துல வரணும், அதுதான் ஒரு ஜி, பூமியோட இழுவை. மத்த ரெண்டும் 0க்கு பக்கத்துல.

மழைக்குருவி
முழிச்சுக்கிச்சு அண்ணா. ஆனா 64ன்னு வருது, அப்பப்ப 63, சில நேரம் எங்கயோ மைனஸ்ல ஆயிரக்கணக்குல குதிக்குது. 16384 எங்க?

பிட்டுபைட்டு
64ஐ 256ஆல பெருக்கி பாருங்க அக்கா.

மழைக்குருவி
16384! அட.

பிட்டுபைட்டு
பைட் ரெண்டும் இடம் மாறி இருக்கு. இந்த சென்சார் பெரிய பைட்ட முதல்ல குடுக்கும், இஎஸ்பி32 சின்ன பைட்ட முதல்ல எதிர்பார்க்கும். மெமரில அப்படியே கொட்டாம, முதல் பைட்ட 8 பிட் இடதுபக்கம் தள்ளி ரெண்டாவத ஒட்டுங்க.

தூங்காதவன்
அக்காவுக்கு ஆகிடுச்சு, எனக்குதான் புது தலைவலி. சென்சார திரும்ப மாட்டினேன், போன்ல 1 வருது, சந்தோஷத்துல கத்திட்டேன். அப்புறம் பாத்தா சும்மாவே வருது. ரூம பூட்டிட்டு வெளிய வந்து நிக்கிறேன், உள்ள யாருமே இல்ல, அஞ்சு பத்து செகண்டுக்கு ஒரு தடவ 1. பேய் ஏதாவது நடமாடுதா?

அரைகுறை_என்ஜினியர்
இந்த மாதிரி உடம்புச் சூட்ட வச்சு அசைவ பாக்கிற விலை கம்மி பிஐஆர் எல்லாமே இப்படித்தான். தூக்கிப் போட்டுட்டு ரேடார் சென்சார் வாங்கு.

சால்டரிங்சாமி
ரேடார் வேணாம் தம்பி, அது மெல்லிசு சுவத்த தாண்டியும் பாக்கும், நீங்க பக்கத்து ரூம்ல புரண்டு படுத்தா பாட்டி எழுந்துட்டாங்கன்னு சொல்லும். ஃபேன் சுத்தினா அதுக்கும் சொல்லும்.

பிஐஆர் பேய பாக்காது, உடம்புச் சூடு ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் நகர்றதத்தான் பாக்கும். கரண்ட் குடுத்த முதல் ஒரு நிமிஷம் அது சும்மா ரெண்டு மூணு தடவ கத்தும், அது சகஜம், அத கணக்குல எடுக்காதீங்க. அதுக்கப்புறமும் கத்தினா மூணு கேள்வி. எத்தனை வோல்ட் குடுத்திருக்கீங்க? சென்சார் போர்டுக்கு எவ்ளோ பக்கத்துல இருக்கு? ப்ளூடூத்த புரோகிராம்லயே ஆஃப் பண்ணிட்டு, வெறும் எல்இடி மட்டும் எரியிற மாதிரி போட்டா அப்பவும் கத்துதா?

தூங்காதவன்
3.3 வோல்ட் பின்ல இருந்து குடுத்திருக்கேன், இஎஸ்பி32 5 வோல்ட் தாங்காதுன்னு படிச்சேன் அதனால. சென்சார் போர்டு மேலயே டபுள் சைட் டேப் போட்டு ஒட்டி இருக்கேன், அழகா ஒரே டப்பாவுக்குள்ள அடங்குது.

ப்ளூடூத் ஆஃப் பண்ணி பாத்தேன், இருபது நிமிஷம் வெளிய நின்னு கதவு இடுக்கு வழியா எல்இடியவே பாத்துட்டு இருந்தேன் (அம்மா கேக்கறாங்க என்னடா அங்க ஒட்டு கேக்கறன்னு). மூணே மூணு தடவதான் எரிஞ்சது. ஆன் பண்ணா திரும்ப பேய்.

சால்டரிங்சாமி
புடிச்சாச்சு. தப்பு ரெண்டு இருக்கு, ஒண்ணுக்கு மேல ஒண்ணு உக்காந்திருக்கு.

அந்த சென்சாருக்கு கரண்ட் 4.5 வோல்ட்ல இருந்து 20 வரைக்கும் வேணும். அதுக்குள்ள இருக்கிற ரெகுலேட்டர் வர்றத 3.3ஆ இறக்கித்தான் சென்சாருக்கு ஊட்டும். நீங்க வாசல்லயே 3.3 குடுத்தா உள்ள போறதுக்குள்ள இன்னும் குறைஞ்சுடும், பசியில இருக்கிற சென்சார் சும்மா சும்மா கத்தும். 5 வோல்ட் பின்ல மாட்டுங்க, பயப்படாதீங்க, அவுட்புட் பின்ல அது 3.3தான் தரும், போர்டுக்கு ஒண்ணும் ஆகாது.

அடுத்தது டேப். இஎஸ்பி32 நுனியில வளைஞ்சு வளைஞ்சு கோடு போட்டிருக்குல்ல அதுதான் ஆன்டெனா. பிஐஆர் உள்ள இருக்கிற ஆம்ப்ளிஃபையர் துளியூண்டு சிக்னல பெரிசாக்குறது, அது தலைமேல ரேடியோவ வச்சா ரேடியோ ஒவ்வொரு தடவ அனுப்பும்போதும் ஒரு உதறல் போகும், போர்டும் அந்த நேரம் பார்த்து கரண்ட வெடுக்குன்னு இழுக்கும். சென்சார் அத அசைவுன்னு நினைச்சு 1 குடுக்கும், 1 வந்ததும் உங்க புரோகிராம் ரேடியோல அனுப்பும், அனுப்பினதும் திரும்ப உதறும். தானே கத்தி தானே முழிக்குது. ஒரு முழம் வயர் விட்டு தள்ளி வைங்க, சென்சாரோட கரண்ட் பின்லயே ஒரு 100 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் போடுங்க.

தூங்காதவன்
முதல்ல 5 வோல்ட் மட்டும் மாத்தினேன், பாதியா குறைஞ்சது. அப்புறம் டேப்ப பிச்சு தள்ளி வச்சேன், நின்னே போச்சு. கெப்பாசிட்டர் நாளைக்குதான் கிடைக்கும். ஒரு மணி நேரமா அமைதி அண்ணா, நான் உள்ள போனா உடனே 1.

பிட்டுபைட்டு
சூப்பர். இன்னும் ரெண்டு சின்ன வேலை. ஓரத்துல ஒரு ஜம்பர் இருக்கும், ஹெச்ல வச்சா ஆள் நடமாடுற வரைக்கும் 1லயே நிக்கும். நேரத் திருக இடது பக்கம் முழுசா திருப்பி வைங்க, இல்லன்னா ஒரு தடவ கத்தினா அஞ்சு நிமிஷம் வரைக்கும் 1ஐ விடாது. புரோகிராம்ல 1ஆ இருக்கிற வரைக்கும் அனுப்பிக்கிட்டே இருக்காதீங்க, 0ல இருந்து 1க்கு மாறும்போது மட்டும் அனுப்புங்க.

மழைக்குருவி
எனக்கும் ஒண்ணு அண்ணா. ஆறு நம்பரையும் கமா போட்டு எழுத்தா அனுப்பறேன், போன்ல நாலாவது நம்பரோட பாதில வெட்டி நிக்குது.

பிட்டுபைட்டு
எண்ணி பாருங்க, கரெக்டா 20 எழுத்துல வெட்டியிருக்கும். பிஎல்இல ஆரம்ப பாக்கெட் அளவு 23 பைட், அதுல 3 தலைப்புக்கு போக நமக்கு 20. போன் ஆப்ல எம்டியு, அதாவது இந்த பாக்கெட் அளவ, கூட்டி கேட்டா பெரிசாகும், ஐபோன் தானாவே கூட்டிக்கும். ஆனா எழுத்தா அனுப்புறதே வீண், மைனஸ் 12345ங்கிறது எழுத்தா 6 பைட், நம்பராவே அனுப்பினா 2. ஆறு நம்பர் 12 பைட், கூட ஒரு வரிசை எண் 2 பைட், மொத்தம் 14, தாராளமா அடங்கும். வரிசை எண்ண விடாதீங்க, நடுவுல எது தொலைஞ்சதுன்னு அத வச்சுத்தான் தெரியும்.

சால்டரிங்சாமி
மழைக்குருவி, முழங்கால் கோணம்னா ஒரு சென்சார் பத்தாது. தொடையில ஒண்ணு, முழங்காலுக்கு கீழ ஒண்ணு, ரெண்டோட சாய்வுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம்தான் மடக்கு. ரெண்டாவது சென்சார்ல ஏடி0 பின்ன 3.3ல கட்டினா அட்ரஸ் 69 ஆகிடும், ஒரே ரெண்டு வயர்ல ரெண்டும் பேசும். ஜைரோவ மட்டும் நம்பினா பத்து நிமிஷத்துல கோணம் தானா நகர்ந்து எங்கயோ போயிடும், ஆக்ஸிலரோமீட்டர மட்டும் நம்பினா கால ஆட்டும்போது நம்பர் துள்ளும். அதனால ஜைரோவுல 98 பங்கு, ஆக்ஸிலரோமீட்டர்ல 2 பங்கு கலந்து எடுங்க. இதெல்லாம் போர்டுலயே கணக்கு போட்டு, வர்ற கோணத்த மட்டும் ரெண்டு பைட்டா அனுப்புங்க. செகண்டுக்கு 20 தடவ போதும், கால் மடக்கத்தான போறீங்க. மூலச்சரக்க எல்லாம் போனுக்கு ஏத்திட்டு அங்க உக்காந்து சமைக்கணும்னு என்ன இருக்கு.

மழைக்குருவி
ஐயோ நான் முழுசையும் செகண்டுக்கு 1000 தடவ அனுப்பணும்னு எழுதி வச்சிருந்தேன். இன்னொரு சென்சார் வாங்கிட்டு வர்றேன்.

தூங்காதவன்
மறுபடி நான்தான். நேத்து எல்லாம் சரியா இருந்தது, இன்னிக்கு காலைல ஸ்கேன்ல போர்டு பேரே காணோம். ரீசெட் பட்டன் அமுக்கினா வருது, ஒரு தடவ கனெக்ட் பண்ணி துண்டிச்சா திரும்ப காணோம்.

பிட்டுபைட்டு
ஒரு போன் கனெக்ட் ஆனதும் உங்க புரோகிராம்ல இருக்கிற பிஎல்இ லைப்ரரி விளம்பரம் பண்றத, அதாவது போர்டு பேர எல்லாருக்கும் கூவுறத, நிறுத்திடும். துண்டிச்சதுக்கு அப்புறமும் தானா ஆரம்பிக்காது, நாமதான் துண்டிப்பு நடக்கிற இடத்துல அட்வர்டைஸிங்க திரும்ப ஆரம்பின்னு ஒரு வரி எழுதணும். ரெண்டு போனும் ஒரே நேரத்துல வேணும்னா கனெக்ட் ஆகிற இடத்துலயும் அதே வரி. தம்பி போன்ல ஆப் திறந்தே இருக்கான்னும் பாருங்க, அவர் புடிச்சு வச்சிருந்தா உங்களுக்கு தெரியாது.

தூங்காதவன்
தம்பியேதான். ஆப்ப திறந்து வச்சிட்டு தூங்கிட்டு இருக்கான். வரி சேத்தாச்சு, இப்ப ரெண்டு போன்லயும் வருது.

அரைகுறை_என்ஜினியர்
கேக்கறேன்னு தப்பா நினைக்காத. ராத்திரி ரெண்டு மணிக்கு பேட்டரி மிச்சம் புடிக்க ஆண்ட்ராய்டு உன் ஆப்ப சத்தமில்லாம மூடிட்டா என்ன பண்ணுவ? ஒரு பஸ்ஸர், ஒரு வயர், உன் கட்டில் பக்கத்துல. அது தூங்காது.

சால்டரிங்சாமி
இது நியாயமான பேச்சு. நோட்டிஃபிகேஷன் பட்டில எப்பவும் நிக்கிற மாதிரி சர்வீஸா ஓடுற ஆப்பா இருக்கணும், பேட்டரி சிக்கனப் பட்டியல்ல இருந்தும் அத விலக்கி வைக்கணும், அப்பவும் சில போன் மூடத்தான் செய்யும்.

அத விட பெரிசு ஒண்ணு இருக்கு தம்பி, நான் ஆரம்பத்துலயே சொல்லியிருக்கணும். உங்க போன் ராத்திரி பூரா சும்மா இருந்தா பாட்டி நல்லா தூங்குறாங்கன்னு எடுத்துப்பீங்க. போர்டு செத்திருந்தாலும், ப்ளூடூத் அறுந்திருந்தாலும், ஆப்ப மூடியிருந்தாலும் போன் அதே மாதிரிதான் சும்மா இருக்கும். அதனால அசைவு இருந்தாலும் இல்லாட்டியும் நிமிஷத்துக்கு ஒரு தடவ நான் இருக்கேன்னு போர்டு ஒரு பைட் அனுப்பட்டும். மூணு நிமிஷம் அது வரலன்னா போன் கத்தட்டும். போன் பக்கமே ஆப் செத்தா அதுவும் கத்தாது, அதுக்கு அரைகுறை சொன்ன பஸ்ஸரையும் போர்டுலயே ஒரு பின்ல மாட்டிடுங்க, போன் ஒண்ணும் கனெக்ட் ஆகலன்னா பஸ்ஸர் அடிக்கட்டும்.

அரைகுறை_என்ஜினியர்
சாமியே ஒத்துக்கிட்டார், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிக்கிறேன்.

தூங்காதவன்
நாலு நாள் கழிச்சு வர்றேன். எல்லாம் மாட்டியாச்சு. நிமிஷத்துக்கு ஒரு தடவ உயிர்த்துடிப்பு வருது, வயர பிடுங்கி பாத்தேன், மூணாவது நிமிஷம் போன் கத்துது. முதல் ராத்திரி ரெண்டு தடவ எழுந்தாங்க, ரெண்டு தடவயும் போன் அதிர்ந்துச்சு, ஓடிப்போய் கைய புடிச்சேன்.

அப்புறம் ரெண்டு ராத்திரி ஒரு அசைவு கூட இல்ல. துடிப்பு மட்டும் சரியா வருது. பாட்டி நல்லா தூங்குறாங்கன்னு சந்தோஷமா இருந்தேன். இன்னிக்கு காலைல போய் பாக்கிறேன், சென்சார் மேல துண்டு தொங்குது. போர்டுல இருக்கிற சிவப்பு லைட் ராத்திரி பூரா கண்ண குத்துதாம், அதனால அவங்களே எழுந்து வந்து மூடி வச்சிருக்காங்க. ரெண்டு நாளும் மூணு தடவ எழுந்து போயிட்டு வந்தேன்டா, நீதான் எழுந்திருக்கவே இல்லன்னு என்கிட்டயே சொல்றாங்க.

சால்டரிங்சாமி
துணிக்கு பின்னாடி இருக்கிற சூடு பிஐஆருக்கு தெரியாது. ஜன்னல் கண்ணாடி போட்டா கூட தெரியாது. லைட்டு மேல ரெண்டு சுத்து கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்க. சென்சார சுவத்துல இருந்து எடுத்து கட்டிலுக்கு அடியில, கால் இறங்குற பக்கமா பாத்து வைங்க, அங்க துண்டு போட குனிய மாட்டாங்க. துடிப்போட கூடவே கடைசியா அசைவு வந்து எத்தனை நிமிஷம் ஆச்சுன்னும் சேத்து அனுப்புங்க, பகல்லயும் அது ஏறிக்கிட்டே போச்சுன்னா போய் எட்டிப் பாருங்க.

மழைக்குருவி
பாட்டிக்கு என் வணக்கத்த சொல்லுங்க. எனக்கு இன்னிக்கு 94 டிகிரி.